காணிக்கைப் பையில் மாத்திரைகள்

பிப்ரவரி 10

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் "டேய்" என்று வாயைத் திறப்பதற்குள் நீ "ஜெபிப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறாய். நீ ஆமென் சொல்லி முடிக்கும்போது நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரை படி.

போன வாரம் நான் விழுந்தேன்.

ஆமாம், அதேதான். வேலையில், இயந்திரத்துக்கு முன்னால். எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்க்கிற உருளை ஒன்று உண்டு. இந்தப் பக்கம் ஈரத்துணியைக் கொடுத்தால் அந்தப் பக்கம் சூடாக, தட்டையாக வரும். விரிப்பின் நுனியைப் பிடித்திருந்தது வரை நினைவிருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. பக்கத்தில் நின்றவள் சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தியிருக்கிறாள். அவள் மட்டும் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தால் நீ எனக்கு அடக்க ஆராதனை நடத்திக்கொண்டிருப்பாய்.

அதற்கு முன் ஏறக்குறைய ஒரு வருடம் நான் விழவே இல்லை. அது மாத்திரையால். நவம்பரில் உன் சபைக்கு வந்தபோது என் தலையில் கை வைத்து ஜெபித்தாய். ஜெபம் முடிந்த கையோடு மைக்கைப் பிடித்து, "இது என் சொந்த அக்கா, சின்ன வயசிலேருந்து வலிப்பு, ஆண்டவர் இன்னைக்கு முழுசா சுகமாக்கிட்டார்" என்று சாட்சி சொன்னாய். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினேன். பழியை எல்லாம் உன் தலையில் கட்டவில்லை. எனக்கும் ஆசை இருந்தது. அந்த ஆசையில்தான் அறைக்குத் திரும்பியதும் மாத்திரையை நிறுத்தினேன். சுகமானவளுக்கு மாத்திரை எதற்கு?

இப்போது மறுபடி சாப்பிடுகிறேன். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இயந்திரத்துப் பக்கம் இனி என்னை விடமாட்டார்கள், துண்டு மடிக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வருகிற ஞாயிறு எழுந்து நின்று, "அக்காவுக்கு இன்னும் வலிப்பு இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறாள், நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன்" என்று சொல்லிவிடு. அவ்வளவுதான். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 19

கிறிஸ்துவுக்குள் மிகவும் அன்பான அக்கா அவர்களுக்கு,

நம் ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்கு நேர்ந்ததை அறிந்து மிகுந்த பாரம் அடைந்தோம். சபையாக உபவாசித்து ஜெபித்தோம். காரியம் இன்னதென்று வெளியே சொல்லவில்லை, குடும்பத்தில் ஒரு தேவை என்று மட்டும் அறிவித்தேன்.

அக்கா, இது ஒரு சோதனை. பெற்றுக்கொண்ட சுகத்தை நாமே வாயால் மறுதலித்தால் அது நம்மிடம் எப்படி நிலைத்திருக்கும்? தாங்கள் விழுந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் கண்ணால் காண்பதை வைத்து விசுவாசி பேசக் கூடாது. கொஞ்ச காலம் பொறுமையாய் இருங்கள். மாத்திரை சாப்பிடுவது தங்கள் விருப்பம், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இங்கே ஊழியம் ஆசீர்வாதமாக நடக்கிறது. டயர் கடைக்கு மேலே இருக்கும் நம் ஹால் தங்களுக்குத் தெரியும். எத்தனை வருடம் நானும் என் மனைவியும் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடியிருக்கிறோம்! தங்கள் சாட்சிக்குப் பிறகு நாற்காலி போதவில்லை, படிக்கட்டில் நின்று கேட்கிறார்கள். தையற்காரர் ஒருவரின் மனைவி புதிதாக வருகிறாள். அவளுடைய மகளுக்கும் தங்களைப் போலவே பலவீனம். ஒன்பது வயதுப் பிள்ளை. போன மாதம் காணிக்கைப் பை சுற்றி வந்தபோது அந்தத் தாய் மகளின் மாத்திரை அட்டைகளை அப்படியே அதற்குள் போட்டுவிட்டாள். ஆராதனை முடிந்து பையைக் கொட்டியபோதுதான் பார்த்தோம். அப்படிப்பட்ட விசுவாசத்தை நான் இதுவரை கண்டதில்லை. என் மனைவி அழுதுவிட்டாள்.

இத்தனை பேரின் விசுவாசம் ஒரு வார்த்தையால் உடைந்துபோகக் கூடாது. தாங்கள் புரிந்துகொள்வீர்கள்.

ஊழியத்தில்,
போதகர்


பிப்ரவரி 24

டேய் சின்னவனே,

என்னைப் போய் "தாங்கள்" என்று எழுதியிருக்கிறாயே, எந்தச் சபைக்கு எழுதினாய்? உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான்.

உன் கடிதத்தை மேசைக்கடியில் வைத்துப் படித்தேன். மாத்திரை அட்டை என்ற வரி வந்ததும் எழுந்து வெளியே போய் உனக்குப் போன் போட்டேன். அன்றிலிருந்து போன் போடுகிறேன், நீ எடுக்கவில்லை. உன் வீட்டுக்காரி ஒருமுறை எடுத்து, "அவர் ஜெபத்துல இருக்கார் அண்ணி" என்றாள். அந்தத் தாயின் நம்பரைக் கேட்டால் தெரியாது என்கிறாள்.

அந்த மாத்திரைகளை என்ன செய்தாய்? திருப்பிக் கொடுத்தாயா, இல்லையா? அதை முதலில் சொல். அது காணிக்கை இல்லையடா, அந்தப் பிள்ளையின் மருந்து. நான் நாற்பத்தொரு வயதுக் கட்டை, நிறுத்தினேன், கையைச் சுட்டுக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை குளிக்கும்போது விழுந்தால்? மாடிப்படியில் விழுந்தால்? உன் ஹாலின் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து என்று உனக்கே தெரியும்.

விசுவாசம் இல்லாதவள் என்று சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறாய். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அம்மா என்னைக் கோயிலில் எப்போதும் கடைசி வரிசையில், கதவோரமாக உட்காரவைப்பாள். விழுந்தால் யாருக்கும் தெரியாமல் வெளியே தூக்கிப்போக வசதி. அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். அவர்களைக் குறை சொல்லவில்லை, பயம் அவர்களுக்கு. ஆனால் நான் கடவுளையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். நான் சரியானால்தான் முன்னால் கூப்பிடுவார், அதுவரை கதவோரம்தான் என்று.

விழுந்து எழும்போது எப்படி இருக்கும் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நீயும் கேட்டதில்லை. கண் திறக்கும்போது எனக்கு என் பெயர் தெரியாது. இது எந்த இடம், காலையா மாலையா, சுற்றி நிற்பவர்கள் யார், ஒன்றும் தெரியாது. ஆனால் என்னை யாரோ தெரிந்து வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதுதான் முதலில் வரும், பெயர் பிறகுதான் வரும். இந்தத் தடவை சலவைக்கூடத்துத் தரையில், கை எரிய எரியக் கிடந்தபோதும் அதுதான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னைக் கதவோரத்தில் வைக்கவில்லை. விழுகிற என்னை, விழுகிற இடத்திலேயே வந்து வைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடம் இது எனக்குப் புரியாமல் போனதே என்று அன்றைக்கு அழுத அழுகைக்குக் கை எரிச்சல் ஒன்றுமில்லை.

உடம்பில் முள்ளாகக் குத்திய நோவை எடுத்துப்போடும் என்று கடவுளிடம் மூன்று தரம் கெஞ்சியும் எடுக்கப்படாத அப்போஸ்தலனைப் பற்றி நீயே பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறேன். அவன் விசுவாசம் இல்லாதவனா?

சுகம் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன், வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு எனக்குத் திமிர் இல்லை. கொடுக்காவிட்டாலும் நான் அவர் பிள்ளைதான். இதைத்தான் நீ அந்தத் தாய்க்குச் சொல்லவேண்டும். மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்.

அக்கா


மார்ச் 4

அக்கா,

நீ கேட்டபடியே நானும் எழுதுகிறேன், "தாங்கள்" எல்லாம் இல்லாமல்.

மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பொய் சொல்லவில்லை, தையல் கடை வாசல் வரை போனேன். அந்த அம்மா ஓடிவந்து, "பாஸ்டர், உங்க அக்காவுக்குக் குடுத்த கடவுள் என் பிள்ளைக்குக் குடுக்க மாட்டாரா?" என்று கேட்டாள். பிள்ளை உள்ளே துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பொத்தான்களைக் கோத்துக்கொண்டிருந்தது. நான் என்ன சொல்வேன்? "உங்க விசுவாசத்தின்படி செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அட்டைகள் என் சட்டைப் பையிலேயே இருந்தன. இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

உனக்குச் சொல்ல சுலபம். நீ அங்கே துண்டு மடிக்கிறாய். நான் இங்கே எழுந்து நின்று "அது நடக்கவில்லை" என்று சொன்னால் அடுத்த வாரம் யார் வருவார்கள்? நாற்காலிகளைச் சொல்லவில்லை அக்கா. நான் எதற்காக இங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

நீ எனக்குச் சொல்லாததை எல்லாம் எழுதினாய். நானும் ஒன்று சொல்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் விழுந்தாயே, அடுத்த நாள் என் வகுப்புப் பையன்கள் தரையில் படுத்துக் கையையும் காலையும் உதறி உன்னைப் போல நடித்துக் காட்டினார்கள். ஒருவன் மூக்கை உடைத்தேன். அதற்கு அப்பா என்னை அடித்தார். அன்றைக்குக் குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, "அக்காவைச் சுகமாக்கும், ஆயுசு முழுக்க உமக்கு வேலை செய்கிறேன்" என்று சொன்னேன். அதனால்தான் போதகரானேன். என் பங்கை நான் செய்துவிட்டேன். கல்லூரி, சம்பளம், எல்லாவற்றையும் விட்டு வந்து செய்தேன். நவம்பரில் அவர் தன் பங்கைச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். இப்போது நீ வந்து இல்லை என்கிறாய்.

எனக்குக் கோபம்தான். உன் மேலா, அவர் மேலா என்று தெரியவில்லை.

நீ இங்கே வரவேண்டாம். கொஞ்ச நாளைக்குக் கடிதமும் வேண்டாம்.

தம்பி


மார்ச் 9

சின்னவனே,

கடிதம் வேண்டாம் என்றாய். கடைசியாக இது ஒன்று.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. குளியலறையில் தாழிட்டுக்கொண்டு நின்ற அந்தப் பொடியன் கண் முன்னாலேயே நிற்கிறான். அவனைத் தூக்கி வைத்துக்கொள்ளவேண்டும் போல இருக்கிறது. ஆனால் ஒன்று, அந்த வியாபாரத்தைக் கடவுள் உன்னிடம் கேட்கவே இல்லையடா. நீயாகப் போட்ட ஒப்பந்தம் அது. அதில் என் தலையை எழுதி வைத்திருக்கிறாய். நான் விழுந்தால் உன் ஊழியம் விழும் என்றால், இத்தனை வருடம் நான் எவ்வளவு பெரிய மூட்டையைத் தெரியாமல் சுமந்திருக்கிறேன் பார்! உன்னை அவர் கூப்பிட்டிருந்தால் நான் விழுந்தாலும் கூப்பிட்டதுதான். கூப்பிடவில்லை என்றால் நான் பறந்தாலும் இல்லை.

மேற்பார்வை அம்மாவிடம் விடுப்பு கேட்டுவிட்டேன். வருகிற ஞாயிறு வருகிறேன். "இன்னொரு தடவை விழுந்தா உன்னை வெச்சுக்க முடியாதும்மா" என்று அவர் நேராகவே சொல்லிவிட்டார். இதுவரை யாரிடமும் மூச்சு விடாமல் மறைத்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? டீ இடைவேளையில் எல்லோரையும் கூப்பிட்டு, "எனக்கு வலிப்பு இருக்கு, விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிட்டு பக்கத்துல உட்காருங்க, வாயில எதையும் திணிக்காதீங்க" என்று சொன்னேன். ஒருத்தி தன் தம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள். இன்னொருத்தி, "அவ்வளவுதானா? என் புருஷன் குடிச்சிட்டு தினம் விழறான், நாங்க என்ன கூட்டம் போட்டா சொல்றோம்?" என்றாள். சிரித்துவிட்டோம். அன்றைக்கு அறைக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன் ஆட்கள் முன்னால் நிற்கப் பயம், நின்றபடியே விழுந்துவிடுவேனோ என்று பயம். இருந்தாலும் வருகிறேன். நீ சொல்லமாட்டாய் என்றால் நான் சொல்கிறேன். முதல் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடு. போடாவிட்டால் நின்றுகொள்கிறேன்.

அக்கா


மார்ச் 17

தம்பி,

வந்து சேர்ந்துவிட்டேன். கை கொஞ்சம் சீழ் வைத்திருக்கிறது, மருந்து மாற்றியிருக்கிறார்கள். உனக்கு எழுத விருப்பமே இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால் நடந்தது நடக்காத மாதிரி ஆகிவிடும்.

நீ மைக்கை அணைத்ததை நான் பார்த்தேன். "போன நவம்பர்ல என்னைப் பத்தி இங்க சொன்னது" என்று நான் ஆரம்பித்தவுடனே நீ ஒலிபெருக்கிப் பெட்டிப் பக்கம் கையை நீட்டினாய். என் குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. உன் வீட்டுக்காரி பாட ஆரம்பித்தாள், ஏழெட்டுப் பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். நான் கத்திப் பேசினேன். என் வாழ்நாளில் ஒரு கோயிலுக்குள் நான் கத்தியது அன்றைக்குத்தான். எனக்கு வலிப்பு இருக்கிறது, மாத்திரையை நிறுத்தினேன், இப்படி ஆயிற்று என்று கட்டைப் பிரித்துக் கையைக் காட்டினேன். கடவுள் என்னை இப்படியே வைத்திருக்கிறார், இப்படியே நேசிக்கிறார், மாத்திரையும் அவர் கொடுத்ததுதான் என்றேன். என்ன காதில் விழுந்தது, என்ன பாட்டில் அமுங்கியது என்று தெரியாது.

தையற்காரர் மனைவி பாதியிலேயே எழுந்துவிட்டாள். மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். வாசலில் நான் குறுக்கே போய், "அம்மா, ஒரு வார்த்தை" என்றேன். "உங்களுக்கு விசுவாசம் பத்தலைங்க. என் பிள்ளை மேல அதைத் தடவாதீங்க" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அவள் முகத்தில் இருந்த பயத்தை எனக்குத் தெரியும், நம் அம்மா முகத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மட்டும் படிக்கட்டு வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பி என் கையையே பார்த்துக்கொண்டு போனது.

நீ அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேருந்து நிலையத்துக்கு நானே நடந்து போனேன்.

தோற்றுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இல்லை. அழுதேன், கோபப்பட்டேன், அந்தப் பிள்ளைக்காகக் கெஞ்சினேன். வெட்கம் மட்டும் வரவில்லை. அது எங்கே போயிற்று என்று தேடித் தேடிப் பார்த்தேன்.

மாத்திரைகள் இன்னும் உன் மேசை இழுப்பறையில்தானே இருக்கின்றன?

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாளைக் கடத்தினேன். நேராகவே எழுதிவிடுகிறேன்.

நீ போன அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஒன்று முடிந்து இன்னொன்று, நிற்கவே இல்லை. தையற்காரர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றித் தூங்கவைத்துத்தான் நிறுத்தினார்கள். உயிரோடு இருக்கிறாள். வலது கை தூக்க வரவில்லை. பேச்சு இழுத்து இழுத்து வருகிறது. சரியாகலாம், ஆகாமலும் போகலாம், காலம் எடுக்கும் என்கிறார்கள்.

செய்தி வந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தாய் அதைப் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள். இன்றுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு சபையில் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றி, நான் மைக்கை அணைத்ததைப் பற்றி, மாத்திரைகளை வைத்திருந்ததைப் பற்றி. சிலர் கத்தினார்கள். பலர் எழுந்து போனார்கள். இப்போது பழையபடி சில பேர்தான் வருகிறார்கள். நான் பிரசங்கம் செய்வதில்லை. வேதத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எனக்கு ஜெபிக்க வரவில்லை அக்கா. நீ எழுதினாயே, பெயர் தெரியாதபோதும் நம்மை யாரோ தெரிந்து வைத்திருக்கிறார் என்று, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னையும் வைத்திருக்கிறாரா என்று தெரியவில்லை. இருக்கலாம் என்று மட்டும் சில நேரம் தோன்றுகிறது.

தையற்காரர் கடைக்குப் போகும் நேரத்தில், அந்த அம்மா குளிக்கவும் சமைக்கவும் வீட்டுக்குப் போகும்போது, பிள்ளை பக்கத்தில் நான் உட்காருகிறேன். முதலில் அவர் வேண்டாம் என்றார். பிறகு வேறு ஆள் இல்லாததால் விட்டுவிட்டார். ஜெபம் பண்ணக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். நான் பண்ணுவதில்லை. தண்ணீர் கொடுப்பேன், தலையணையைச் சரி செய்வேன், நர்ஸ் கொடுக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டாளா என்று பார்ப்பேன்.

நேற்று அவளாகவே பேசினாள்.

"அன்னிக்கு ஹால்ல கத்துனாங்களே, அவங்க உங்க அக்காவா?"

"ஆமாம்மா."

"அவங்களுக்கு இன்னும் வலிப்பு வருமா?"

"வரும். மாத்திரை சாப்பிட்டா அவ்வளவா வராது."

"வேலைக்குப் போறாங்களா?"

"போறாங்க. பெரிய ஹோட்டல்ல துண்டு மடிக்கிறாங்க."

இடது கையால் வலது கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு எத்தனை வயசு?"

"நாற்பத்தொண்ணு."

"அவ்வளவு வயசு வரைக்கும் இருக்கலாமா?" என்று கேட்டாள்.

அக்கா, எத்தனை முறை அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்திருக்கிறேன்! அவள் செத்துப்போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டு என் கைக்குக் கீழே நின்றிருக்கிறாள். சுகம் வந்தால் பிழைப்போம், வராவிட்டால் இல்லை என்று. அவளுக்கு அப்படித்தான் புரிந்திருக்கிறது. நாங்கள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

"இருக்கலாம்" என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. வெகுநேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "நீங்க சொல்ல வேணாம். அவங்களைக் கூட்டிட்டு வாங்க, நானே கேட்டுக்கறேன்" என்றாள்.

தம்பி